கோடை வெப்பமும் நாள்பட்ட நோயும்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க இந்த அறிவிப்பு வழிசெய்தது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவ உதவி, உப்புச் சர்க்கரைக் கரைசல், தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றுக்கும் பேரிடர் நிதியைப் பயன்படுத்த இயலும் என்ற நிலை ஏற்பட்டது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் உரிய இடம் வெயிலுக்கும் கிடைத்துவிட்டது எனலாம்.

ஆயினும், எங்கள் புறநோயாளர் பிரிவுக்குச் சித்திரை, வைகாசி மாதங்களில் வருவோரில் மிகச் சிலரே வெயிலைத் தம் நோயோடு இணைத்துப் பேசுகின்றனர். தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, சர்க்கரை நிலையாக இல்லை என்றே கூறுகின்றனர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், மனநலம் ஆகியவற்றுக்கு நீண்டகாலமாக மருந்து உட்கொள்வோருக்கும், அவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வோருக்கும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

வெப்பம் ஏன் கணக்கில் வருவதில்லை

வெப்பத்தால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி வெப்பத்தின் பெயரில் பதிவாவதில்லை. வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவர் சுருண்டு விழுந்தால் அது வெயிலின் தாக்கம் என அனைவரும் அறிவர். வீட்டுக்குள் நான்கு நாள் புழுக்கத்தில் கிடந்த முதியவர் ஐந்தாம் நாள் விடியற்காலையில் மாரடைப்பால் இறந்தால், சான்றிதழில் மாரடைப்பு என்றே இருக்கும். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் கடும் வெப்ப அலை வீசியபோது, அந்த மாதத்தில் வழக்கமாக நிகழும் இறப்புகளைவிட 1,300க்கும் அதிகமானவை நிகழ்ந்திருந்தன என்பது பின்னர் எண்ணிப் பார்த்தபோதே தெரியவந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது.

இதில் குடும்பத்தினர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது, அவர் எங்கிருந்தார், அறை எவ்வளவு சூடாக இருந்தது, மின்சாரம் இருந்ததா, உடல் தொட்டால் சுட்டதா, கடைசியாக எப்போது தண்ணீர் அருந்தினார் என்பவற்றை மருத்துவரிடம் கூறுங்கள். சிகிச்சைக்கு அது மிகவும் உதவும். இறப்பு நேர்ந்துவிட்டால், காரணத்தைச் சான்றளிக்கவும் நிவாரணம் கோரவும் அந்தத் தகவலே அடிப்படை ஆகும்.

சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் கூடியிருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை வெப்ப அலை எனக் கூறுகிறது. இந்த அளவுகோல் நாடு முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. நோயாளிக்கு அது காப்பு அன்று. காரைக்குடியில் 38 டிகிரி வெப்பமும் காற்றில் ஈரப்பதமும் சேர்ந்திருக்கும் நாளில் எந்த அறிவிப்பும் வராமல் போகலாம். அன்றும் சிறுநீரகம் பழுதுபட்டவரின் உடல் தத்தளிக்கும். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டின் சராசரிப் புவி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது. பதிவான ஆண்டுகளில் அதுவே மிக வெப்பமானது. ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். அது பூமி முழுவதற்குமான, ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஊரளவில் அது கோடையில் கூடுதல் கடும் நாட்களாகவும், குளிராத இரவுகளாகவும் வந்து சேர்கிறது. எனது கணிப்பில் இரவுகளே நோயாளிகளுக்குப் பெரிய கேடு. பகல் முழுதும் உழைத்த இதயம் ஓய்வெடுப்பது இரவில்தான்.

மருந்தும் வெயிலும் சந்திக்கும் இடம்

உடல் இரண்டு வழிகளில் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. தோலுக்கு இரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகிறது. வியர்வையைச் சுரந்து உலரவிடுகிறது. முதலாவதற்கு இதயம் வேகமாக இயங்க வேண்டும். இரண்டாவதற்கு உடலில் நீரும் உப்பும் இருக்க வேண்டும். நாள்பட்ட நோய்களும் அவற்றுக்கான மருந்துகளும் இந்த இரண்டிலுமே குறுக்கிடுகின்றன. நெடுநாள் நீரிழிவு நரம்புகளைப் பாதித்திருந்தால் வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. முதுமையில் தாக உணர்வே மங்கிவிடுகிறது. தாகம் எடுக்கவில்லை என்பதால் முதியவரின் உடலில் நீர் போதுமான அளவு உள்ளது எனக் கொள்ள முடியாது.

சில கோடைகளுக்கு முன் எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தனர். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது என்பதால், மாத்திரையை விடாமல் தண்ணீரை மட்டும் குறைத்திருந்தார். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதில் அத்தனை உறுதி. இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது, சோடியம் குறைந்திருந்தது, பேச்சு குழறியது. பக்கவாதம் என்றே வீட்டார் அஞ்சினர். மூன்று நாளில் நலமாகித் திரும்பினார். கோடைக்கு முன்னரே மருந்தின் அளவை யாரேனும் மறுபரிசீலனை செய்திருந்தால் அவர் வந்திருக்கவே தேவையில்லை. அந்த 'யாரேனும்' என்பதில் மருத்துவர்களாகிய நாங்களும் அடக்கம்.

ஆகவே, கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்துக்கு முன்னர், நீங்கள் உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை நீரிழிவு மாத்திரைகள் ஆகியவை நீரிழப்பின்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வெப்பத்துக்கேற்ப இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கின்றன. மனநோய்க்கான மருந்துகளில் சில வியர்வையையும் உடல் வெப்பக் கட்டுப்பாட்டையும் குறைக்கின்றன. லித்தியம் உட்கொள்வோருக்கு நீரிழப்பு ஏற்பட்டால் அம்மருந்தே நஞ்சாகும் அளவுக்கு இரத்தத்தில் உயர்ந்துவிடலாம். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் வலி மாத்திரை இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை அளிப்பது. நீர்ச்சத்துக் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தை விரைவாகப் பழுதாக்கும்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் காரணமாக உணவும் நீரும் உட்கொள்ள முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்கலாம், எதை அவசியம் தொடர வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு, மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுபவராக இருந்தால், வரும் களப்பணியாளரிடம் கோடை மாதங்களில் உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். நின்றதும் அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்தால் அது முன்னெச்சரிக்கை.

இன்சுலின் வெப்பத்தைத் தாங்காது. பிரிக்காத குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், மூடி இறுக்கிய சிறு டப்பாவுக்குள் குப்பியை இட்டு, நிழலில் ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். மானாமதுரைப் பானை நம் மாவட்டத்துக்குப் பெயர் தந்தது, இதற்கும் உதவும். இரு சக்கர வாகனத்தின் பெட்டியிலும் பேருந்தின் சன்னலோரத்திலும் இன்சுலினை வைத்துக்கொண்டு செல்லாதீர்கள். இன்னொன்றும் அறிக: வெப்பத்தில் தோலின் இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் விரைவாக உடலில் சேர்ந்து, சர்க்கரை திடீரெனத் தாழலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை வெயிலாலும் வரும், தாழ்சர்க்கரையாலும் வரும். ஊகிக்க வேண்டாம், விரலில் குத்திச் சோதித்துப் பாருங்கள்.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் நீரின் அளவை மருத்துவரே கூற வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்தானது. பார்க்க வரும் உறவினர் அன்போடு வாங்கிவரும் இளநீரால் இதயத் துடிப்பு தடுமாறிச் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்பத்தும் வண்ண பானங்களும் தாகத்தைத் தீர்ப்பதில்லை, சர்க்கரையை ஏற்றி மேலும் நீரை இழக்கச் செய்கின்றன. மற்றபடி, வெளிர் மஞ்சள் நிறத்தில் சிறுநீர் போகும் அளவுக்கு நீர் அருந்துவது பெரும்பாலோருக்குப் போதிய அளவுகோல். பேருந்து நிலையத்திலும் வேலையிடத்திலும் கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே அருந்தாத பெண்களை அன்றாடம் காண்கிறோம். அவர்களுக்கு அறிவுரை சொல்லி என்ன பயன்? அங்கே தேவைப்படும் மருந்து ஒரு கழிப்பறை.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

வெயிலிலோ புழுக்கத்திலோ இருந்தவர் குழப்பமாகப் பேசினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவிழந்தால் அது வெப்பவாதம் எனக் கொள்ளுங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 108க்கு அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை காத்திராமல் உடனே குளிர்வியுங்கள்: நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. முதல் அரை மணி நேரத்தில் உடலைக் குளிர்விப்பதே உயிரைக் காக்கிறது. அவசரமற்ற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

பழைய வீடும் புதிய வீடும்

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை அறிந்தவர்கள். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, ஆத்தங்குடித் தரை, சூடான காற்று மேலெழுந்து வெளியேற நடுவே திறந்த முற்றம். ஓட்டிலிருந்து வழியும் மழைநீரை முற்றத்தில் அண்டாக்களில் பிடித்தனர். மிகுந்தது தெருக் கால்வாய் வழியே ஊருணிக்குச் சென்றது. கானாடுகாத்தான் போன்ற ஊர்களைக் கொண்ட இந்தக் கிராமத் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளது. அலங்கார வேலைப்பாட்டைப் பார்க்க வருவோரின் கண்ணில் இந்தக் குளிர்ச்சி ஏற்பாடு அவ்வளவாகப் படுவதில்லை.

அந்த வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதியவர் ஒருவரோ இருவரோ மட்டும் வசிக்கின்றனர். வீடு குளிர்ச்சியாகத்தான் இருக்கும்; விழுந்தால் குரல் வாசலுக்குக் கேட்காது. ஊரின் பெரும்பான்மையோர் வசிப்பதோ தளம் போட்ட சிறு வீடுகளிலும் தகரக் கூரையின் கீழும். பகலில் வெயிலை வாங்கிய தளம் நள்ளிரவு வரை அதனை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைக் குளிர்வண்ணமோ பூசினால் உள்ளே வெப்பம் சில டிகிரி குறையும். இதற்கு ஆகும் செலவு குளிரூட்டிக்கு ஆவதில் மிகச் சிறு பகுதியே. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றையே உடல்மீது வீசும். தோலை நனைத்துக்கொண்டு விசிறியின்கீழ் இருப்பது பயன்தரும்.

தனித்து வசிக்கும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், கடும் வெயில் நாட்களில் காலையும் மாலையும் அவரைச் சென்று பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றே விடை வரும். "இன்று எத்தனை முறை சிறுநீர் போனீர்கள், எந்த அறையில் படுத்தீர்கள், மின்சாரம் இருந்ததா?" என்று கேளுங்கள்.

ஊருணியும் மரமும் யாருடைய பொறுப்பு

இவ்வளவும் தற்காப்பு. வெப்பம் கூடுவதற்கான மூலக் காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் சேரும் கரியமில வாயு. அதில் பெரும்பங்கு வல்லரசுகளுடையதும் பெருந்தொழில்களுடையதுமே. சிவகங்கை மாவட்டத்துக் குடும்பம் ஒன்று இரண்டு விளக்குகளை அணைத்து அதனைத் திருத்திவிட முடியும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால், ஊரின் வெப்பத்தில் ஒரு பகுதி ஊரிலேயே உண்டாவது. நீர் நிறைந்த ஊருணியும் நிழல் தரும் மரமும் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கின்றன. வரத்துக்கால் அடைபட்டுக் குப்பை கொட்டப்பட்ட ஊருணியும், மரம் வெட்டிச் சிமெண்டு பாவிய தெருவும் சூட்டைச் சேமித்துவைக்கின்றன.

குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நம் தாத்தா காலம் வரை இருந்தது. குழாய் நீர் வந்தபின் ஊருணி நமக்கு உரியதன்று என்றாகிவிட்டது. இங்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் பெய்து தீர்ந்துவிடும். அதனைத் தேக்காவிட்டால் கோடையில் ஆழ்துளைக் கிணறுகளையே நம்ப வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அன்று போட்ட குழாய் இன்று எங்கே செல்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் அது மண் அடைத்துக் கிடக்கிறது. குடிநீர் நாள்விட்டு வரும் ஊரில் மக்கள் அண்டாக்களில் நீரைச் சேமிக்கின்றனர். மூடாத அண்டாவில் டெங்கு கொசு பெருகுகிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு இப்படியும் காய்ச்சலாக எங்களிடம் வந்து சேர்கிறது.

ஊர் கூடி எடுத்த முடிவு நிலைக்கும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. திருப்பத்தூர் வட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடிப் புகையில் மூச்சுத் திணறி வரும் ஆஸ்துமாக் குழந்தைகளை நள்ளிரவில் பார்க்கும் மருத்துவனாக, அந்த ஊரை நான் பொறாமையோடு நினைப்பதுண்டு. குப்பையைத் தெருமுனையில் கொளுத்துவதில்லை என்றும் ஒரு தெரு இதேபோல் முடிவெடுக்கலாம். பிளாஸ்டிக் எரியும் புகை சுவாச நோயாளிக்கு உடனடிக் கேடு.

வெயிலில் உழைப்போரைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். நூறு நாள் வேலையிலும் செங்கல் சூளையிலும் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதிலும் ஈடுபடுவோர் நாள்தோறும் நீரிழப்புக்கு உள்ளாகின்றனர். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளந்தொழிலாளர்கள் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழந்து மடிந்தனர். மீண்டும் மீண்டும் நேரும் வெப்ப அழுத்தம் அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அங்கே தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு என்ற எளிய ஏற்பாட்டால் பாதிப்பு குறைந்தது. வேலையை விடியற்காலைக்கு மாற்றவும் வேலையிடத்தில் நிழலும் தண்ணீரும் கேட்கவும் கிராம சபை உங்களுக்கு உரிய இடம். உங்கள் குடும்பத்தில் இத்தகைய வேலைக்குச் செல்பவர் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை.

மருத்துவத் துறையும் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அழுத்தினால் பீச்சும் வகை இன்ஹேலர்களில் உந்துவாயுவாகப் பயன்படும் வேதிப்பொருள், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மாத்திரைக் குப்பியிலிருந்து தூளை உறிஞ்சும் வகையில் அந்த வாயு இல்லை. உங்களுக்கு எது பொருத்தம் என்பதை மூச்சின் வலிமையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரை நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம். காலாவதியான மாத்திரைகளையும் பாதியில் நின்ற ஆண்டிபயாடிக் மருந்துகளையும் கழிவுநீரிலோ ஊருணியிலோ போடாமல், ஊசிகளைத் தடித்த டப்பாவில் இட்டு மூடி, அடுத்த முறை வரும்போது மருத்துவமனைக்கே கொண்டுவாருங்கள். மருந்துப் பையோடு அதனையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரே நடையில் இரு வேலையும் முடியும்.